நூற்றியொரு ரூபாய் அபராதம்

அவிநாசி
9-2-2025

தங்கச்சி ராமுத்தாய்க்கு அண்ணன் பெருமாள்சாமி எழுதுவது.

என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டாய். உன் மதினி நம்பரையும் செய்துவிட்டாய். அவள் உனக்கு என்ன பாவம் செய்தாள்? நேரில் வந்தால் கதவைத் திறக்க மாட்டாய் என்று தெரிந்துதான் தபாலில் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை படித்துவிடு.

பதினெட்டாம் தேதி கோர்ட்டில் உன்னிடம் குற்றச்சாட்டைப் படித்துக் காட்டி, ஒத்துக்கொள்கிறாயா என்று கேட்பார்களாம். கம்பெனி வக்கீல் சென்னிமலை என்னைக் கட்டிங் டேபிளுக்கே தேடி வந்து சொன்னார். "தங்கச்சிய ஒத்துக்கச் சொல்லுங்க மாஸ்டர். ஏதோ ஒரு அபராதத்தைப் போட்டு அன்னிக்கே அனுப்பிருவாங்க. மறுபடி டெய்லரா எடுத்துக்கச் சொல்றதுக்கு நானாச்சுங்க" என்றார். தன்மையாகத்தான் பேசினார்.

நடந்தது நடந்துவிட்டது. ஒரு பை வேஸ்ட் துணிக்காக வருசக்கணக்காகக் கோர்ட்டு வாசலில் நிற்கப் போகிறாயா? "ஆமாங்கய்யா" என்று ஒரு வார்த்தை சொல். அபராதத்தை நான் கட்டுகிறேன். அதோடு தலைவலி தீர்ந்தது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சாட்சிப் பட்டியலில் என் பெயரும் இருக்கிறது. கட்டிங் மாஸ்டர் என்ற முறையில் சேர்த்திருக்கிறார்கள். நீ ஒத்துக்கொள்ளாவிட்டால் கேஸ் நடக்கும், நடந்தால் உனக்கு எதிராக நான் கூண்டில் ஏற வேண்டும். நான் குடியிருப்பது கம்பெனி கொடுத்த வீடு. உனக்குத் தெரியாதது இல்லை. என்னை அந்த நிலைமைக்குக் கொண்டுபோகாதே.

மதினி உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

பெருமாள்சாமி

*

மங்கலம்
13-2-2025

அண்ணனுக்கு,

கிழிக்கவில்லை. இரண்டு தடவை படித்தேன். இரண்டாவது தடவை கோபம் கூடித்தான் போயிற்று.

நடந்தது நடந்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். என்ன நடந்தது என்று ஒரு வரி எழுதினாயா? உனக்குக் கை கூசியிருக்கும். நான் எழுதுகிறேன்.

புளோர் மேனேஜர் சரவணக்குமார் பீஸ் பார்க்கிறேன் என்று என் மெசினுக்குப் பின்னால் வந்து குனிந்து இடுப்பில் கை வைத்தான். முதல் தடவை தெரியாமல் பட்டது என்று விட்டேன். மூன்றாவது தடவை அவன் கையைத் தட்டிவிட்டுப் போய்க் கம்பெனியின் புகார்க் கமிட்டியில் எழுதிக் கொடுத்தேன். அது புதன்கிழமை. சனிக்கிழமை சாயந்திரம் கேட்டில் என் பையைப் பிடித்தார்கள். புதன்கிழமை புகார் கொடுத்தவள், சனிக்கிழமை திருடி ஆகிவிட்டேன்.

பையில் என்ன இருந்தது? பனியன் வேஸ்ட். சனிக்கிழமை மெசினைத் துடைத்து எண்ணெய் விட்ட பிறகு ஆளுக்கு ஒரு பிடி வேஸ்ட் வீட்டுக்கு எடுத்துப் போவது அந்தக் கம்பெனியில் யாருக்குத் தெரியாது? அடுப்பில் சட்டி இறக்க, வண்டி துடைக்க, பிள்ளைக்கு மூக்கு துடைக்க, திருப்பூரில் எந்த வீட்டில் அந்தத் துணி இல்லை? உன் பைக் சீட்டுக்கு அடியில் இப்போதும் கிடக்கும், போய்ப் பார்.

இனி ஒத்துக்கொள்ளும் விசயம். எனக்கு வக்கீலாக வந்திருப்பது ஷமீமா என்கிற இந்த ஊர்ப் பொண்ணு. சின்ன வயசுதான், ஆனால் விசயத்தை உடைத்துச் சொல்கிறது. "ஏனுங்க்கா, நீங்களா ஒத்துக்கிட்டீங்கன்னா அப்புறம் அப்பீலே கெடையாதுங்க. தண்டனை ஜாஸ்தின்னு வேணா கேக்கலாம். நான் திருடலைன்னு எந்தக் கோர்ட்லயும் போய்க் கேக்க முடியாதுங்க" என்றது. உன் சென்னிமலை வக்கீல் இதைச் சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டார். அவர்களுக்கு வேண்டியது அபராதம் இல்லை அண்ணே, என் வாயால் வரும் அந்த "ஆமாங்கய்யா"தான். புகார்க் கமிட்டி என்ன சொல்லியிருக்கிறது தெரியுமா? திருட்டுக் கேஸ் முடியட்டும், பிறகு என் புகாரை எடுத்துக்கொள்வார்களாம். நான் திருடி என்று முடிந்துவிட்டால், மாட்டிக்கொண்டவள் வஞ்சத்தில் கொடுத்த புகார் என்று மூடிவிடுவார்கள். அவன் அடுத்த லைனில் போய்க் குனிவான்.

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நீ கூண்டில் ஏற வேண்டுமென்றால் ஏறு. ஏறி என்ன சொல்கிறாய் என்று நானும் கேட்கிறேன்.

மதினியை விசாரித்ததாகச் சொல். அவள் நம்பரை மட்டும் பிளாக்கில் இருந்து எடுத்துவிட்டேன்.

ராமுத்தாய்

*

அவிநாசி
2-3-2025

ராமுத்தாய்க்கு,

சிவராத்திரிக்கு ஊருக்குப் போய்விட்டு வந்தோம். குலசாமி கோயிலில் எல்லாரும் உன்னைக் கேட்டார்கள். கல்யாணமாகிப் போனாலும் பிறந்த வீட்டுப் பிள்ளையாக ஒரு நடை வந்திருக்கலாம். வேலை அதிகம் என்று சொல்லிச் சமாளித்தேன். பெரியப்பா மகன் மட்டும் ஒரு மாதிரி சிரித்தான். அவனுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது.

கோர்ட்டில் நீ "இல்லை" என்று சொன்னதைச் சென்னிமலை வக்கீல் வந்து சொன்னார். இந்தத் தடவை தன்மையாகப் பேசவில்லை. "உங்க தங்கச்சிக்கு வாய் நீளமுங்க" என்றார். எனக்கு வந்த கோபத்துக்குக் கத்திரி மெசினை நிறுத்திவிட்டு அப்படியே நின்றேன். ஆனால் மறுபடி மெசினைப் போட்டு வேலையைத்தான் பார்த்தேன். நீயாக இருந்தால் திருப்பிக் கேட்டிருப்பாய். உனக்கு என்ன, இப்போது மங்கலத்தில் யாரோ ஒருத்தரின் ஜாப் ஒர்க் யூனிட்டில் தைக்கிறாய், பிடிக்காவிட்டால் அடுத்த யூனிட். நான் அப்படியா? இந்தக் கம்பெனியை விட்டால் இந்த வயசில் எவன் என்னை மாஸ்டராக வைப்பான்?

சம்மன் வரும் என்கிறார்கள். வந்தால் நான் என்ன சொல்லட்டும்? நீயே எழுது. உன் பேச்சைக் கேட்டேன் என்றாவது இருக்கட்டும்.

பெருமாள்சாமி

*

மங்கலம்
27-4-2025

அண்ணனுக்கு,

என்ன சொல்வது என்று என்னைக் கேட்கிறாய். சாட்சிக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன் என்று இன்னொரு கேஸ் போடவா? உனக்குத் தெரிந்ததைச் சொல். எனக்காக ஒரு சொல் கூட்டவும் வேண்டாம், கம்பெனிக்காக ஒரு சொல் குறைக்கவும் வேண்டாம்.

போன வாரம் கேட்டு வாட்ச்மேன் அம்மா பெரியாத்தாள் சாட்சி சொன்னது. அந்தக் கூத்தை நீ பார்த்திருக்க வேண்டும். வெயில் கொளுத்துகிறது, கோர்ட்டில் ஃபேன் ஓடவில்லை. அந்த அம்மா கூண்டில் ஏறி, "ஆமாங்க, பையில வேஸ்டு இருந்துச்சுங்க, நாந்தானுங்க புடிச்சேன்" என்று சொல்லிக்கொண்டே இடுப்பில் சொருகியிருந்த துணியை எடுத்து முகத்தைத் துடைத்தது. நீலக் கலர் பனியன் வேஸ்ட். ஷமீமா உடனே எழுந்து, "அந்தத் துணி ஏதுங்க ஆத்தா?" என்று கேட்டது. பெரியாத்தாள் துணியைப் பார்த்தது, நடுவர் ஐயாவைப் பார்த்தது. "இது கம்பெனியில எல்லாருங் கொண்டு போறதுங்க சாமி, இதைய ஆரு திருட்டும்பாங்க" என்று சொல்லிவிட்டது. கோர்ட்டே சிரித்தது. பெஞ்சு கிளார்க் மேசைக்கு மேலும் ஒரு சிவப்பு வேஸ்ட் கிடந்தது, அவர் அதை மெதுவாக இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

ஆனால் சர்க்கார் வக்கீல் லேசுப்பட்ட ஆள் இல்லை. மற்றவர்கள் எடுத்துப் போனது கலர் வேஸ்ட், இந்தப் பெண் எடுத்தது முழுக்க வெள்ளை. வெள்ளை வேஸ்ட் வெளியே நல்ல விலைக்குப் போகும், அதனால் பொறுக்கி எடுத்திருக்கிறாள் என்றார். நடுவர் ஐயா அதைக் குறித்துக்கொண்டார்.

வெள்ளையாகப் பொறுக்கியது யார் என்று உனக்குத் தெரியும். அவ்வளவுதான் சொல்வேன்.

ராமுத்தாய்

*

அவிநாசி
22-6-2025

ராமுத்தாய்க்கு,

கோர்ட்டில் நீ என் பக்கமே திரும்பவில்லை. மாப்பிள்ளை மட்டும் டிபன் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

நான் பொய் சொல்லவில்லை. வேஸ்ட் எடுத்துப் போக எழுத்தில் அனுமதி உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அது உண்மை. யார் எழுதிக் கொடுப்பார்கள், இதற்கெல்லாம்? பிறகு உன் வக்கீலம்மா எழுந்து, சனிக்கிழமைகளில் நீங்களே உங்கள் கையால் கொடுப்பது உண்டா என்று கேட்டது. சென்னிமலை வக்கீல் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் சரவணக்குமார். ஞாபகம் இல்லை என்று சொல்லிவிட்டேன். இல்லை என்று சொல்லவில்லை. ஞாபகம் இல்லை என்றுதான் சொன்னேன்.

நீ என்ன நினைப்பாய் என்று தெரியும். எனக்கும் ராத்திரியெல்லாம் அதே நினைப்புத்தான்.

பெருமாள்சாமி

*

மங்கலம்
29-6-2025

அண்ணனுக்கு,

சனிக்கிழமை தோறும் மத்தியானம் டேபிளில் இருந்து, "ஏ ராமு, பிடி!" என்று கத்திக்கொண்டு வெள்ளைப் பிட்டாகப் பொறுக்கி நீ வீசுவாய். கலர் வேண்டாம், சாயம் இறங்கும், இட்லிக்கு ஆகாது என்று நீதான் சொல்வாய். அந்தத் துணியில் வெந்த இட்லியை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து உட்கார்ந்து தின்றாய். பதினோரு வருசம். சட்னியில் உப்புக் கூடினால் கூட உனக்குத் தெரியும்.

உனக்கு ஞாபகம் இல்லாமல் போகலாம். உன் நாக்குக்கு ஞாபகம் இருக்கும், அதைக் கேள்.

மதினி நம்பரை மறுபடி பிளாக் செய்யவில்லை. அவள் மேல் கோபம் இல்லை.

ராமுத்தாய்

*

மங்கலம்
21-8-2025

அண்ணனுக்கு,

நீ பதில் போடவில்லை. போடாவிட்டால் போகட்டும், இதை நான் யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும். சொல்லிச் சிரிக்கவும் திட்டவும் எனக்கு வேறு ஆள் இல்லை.

முந்தாநாள் தீர்ப்பு வந்தது. குற்றவாளி.

காரணம் படித்தார்கள். எழுத்தில் அனுமதி இல்லை. எல்லாரும் எடுப்பது இவள் எடுத்ததை நியாயமாக்காது. கட்டிங் மாஸ்டர், அதுவும் சொந்த அண்ணன், தான் கொடுத்ததாக ஞாபகம் இல்லை என்கிறார். உன் வார்த்தையைப் படிக்கும்போது நான் தரையைப் பார்த்தபடி நின்றேன். அழவில்லை. அழுதிருந்தால் சரவணக்குமார் பார்த்திருப்பான்.

பிறகு நடுவர் ஐயா, தண்டனை பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். கெட்ட மனுசர் இல்லை. நான் சொல்வதற்குள் அவரே, "முதல் குற்றம், பெண், பொருளோட மதிப்பும் ரொம்பக் குறைவு. நூறு ரூபாய் அபராதம் போதும்னு நினைக்கிறேன்" என்றார். எனக்கு நல்லது செய்வதாகத்தான் அவர் நினைத்தார்.

ஷமீமா முகம் செத்துப்போனது. காலையிலேயே அது எனக்குச் சொல்லியிருந்தது. நடுவர் கோர்ட்டில் அபராதம் மட்டும் போட்டு, அதுவும் நூறு ரூபாய்க்கு மேல் போகவில்லை என்றால் அதன் மேல் அப்பீல் கிடையாது. சீராய்வு என்று ஒரு வழி இருக்கிறதாம். ஆனால் அதில் சாட்சிகளை முதலிலிருந்து அலச மாட்டார்களாம், சட்டப் பிழை இருக்கிறதா என்றுதான் பெரும்பாலும் பார்ப்பார்களாம். சின்னத் தண்டனைக்கு எதற்குப் பெரிய கோர்ட்டு என்று நினைத்துச் சட்டத்தில் எழுதியிருப்பார்கள் போல. தண்டனை சின்னது, சரி. பெயர் சின்னதா? ஒரு ரூபாய் அபராதம் போட்டாலும் திருடி திருடிதானே?

எனக்குள் என்ன வந்ததோ தெரியவில்லை. கும்பிட்டுக்கொண்டு, "ஐயா, கூட ஒரு ரூவா போடுங்கய்யா" என்றேன்.

அவருக்குக் காதில் விழவில்லை என்று நினைத்து மறுபடியும் சொன்னேன். "குறைக்கச் சொல்றியாம்மா?" என்றார். "இல்லய்யா, கூட்டச் சொல்றேன். நூத்தியொண்ணாப் போடுங்க" என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். எதற்கு என்று கேட்டார்.

"எங்க ஊர்ப் பக்கம் மொய்யின்னா நூறுன்னு ரவுண்டா எழுத மாட்டோம்யா. நூத்தியொண்ணுதான். நூறுன்னு வச்சா அத்தோட கணக்கு முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம். ஒண்ணு கூட வச்சா, இன்னும் நாங்க வரப்போக இருப்போம்னு அர்த்தம். எனக்கு இத்தோட முடியக் கூடாதுய்யா. நான் மேல் கோர்ட்டுக்குப் போகணும். நீங்க நூறோட நிறுத்துனா எனக்கு வாசல அடைச்ச மாதிரி. நான் திருடல. அத இன்னொரு ஐயா கிட்டயும் சொல்லிப் பாக்கணும்."

சிரித்த ஆள் நிறுத்திவிட்டான்.

கேள், அண்ணே, இதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அதிகபட்ச தண்டனை கொடுக்க வேண்டும் என்று அன்று காலையில் கை நீட்டிப் பேசியவர் சர்க்கார் வக்கீல். சென்னிமலை வக்கீல் ஓடிப்போய் அவர் காதைக் கடித்தார். சர்க்கார் வக்கீல் எழுந்து, நூறு ரூபாயே போதுமானது என்றார். எனக்குத் தண்டனை கூடிவிடக் கூடாது என்று அந்த மனுசனுக்கு அவ்வளவு கவலை! ஷமீமாவும் விடவில்லை. "அரசுத் தரப்பே கருணை காட்டுதுங்க ஐயா. என் கட்சிக்காரருக்கு அந்தக் கருணை வேண்டாமுங்க" என்றது.

நடுவர் ஐயா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். என்னைப் பார்த்தார், சென்னிமலையைப் பார்த்தார், பின் வரிசையில் சரவணக்குமாரையும் பார்த்தார். "கோர்ட்டு மொய் வாங்குற இடம் இல்லம்மா" என்றார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "நூற்றியொரு ரூபாய் அபராதம். கட்டத் தவறினால் மூன்று நாள் மெய்க்காவல் சிறை" என்று சொல்லிக்கொண்டே எழுதினார்.

கொண்டாட ஒன்றும் இல்லை. தோற்றுத்தான் வந்திருக்கிறேன். ஆனால் வெளியே வந்ததும் எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மரத்தடியில் உட்கார்ந்து என் வீட்டுக்காரர் கொண்டுவந்த டிபனைத் தின்றேன். இட்லிதான். தட்டில் வெந்தது.

ராமுத்தாய்

*

அவிநாசி
31-8-2025

ராமுத்தாய்க்கு,

உன் கடிதத்தை மதினிக்குப் படித்துக் காட்டினேன். மொய் விசயம் வந்ததும் சிரித்தாள். என் சாட்சியைப் பற்றி வந்ததும் எழுந்து உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு எனக்குச் சோறு போடவில்லை. நானே போட்டுத் தின்றேன்.

போன கடிதத்துக்கு நான் ஏன் பதில் எழுதவில்லை தெரியுமா? நாலு தடவை எழுதினேன். நாலு தடவையும், வீடு போய்விடும், வேலை போய்விடும் என்றுதான் வந்தது. படிக்க எனக்கே வெட்கமாக இருந்தது.

கூடுதல் தண்டனை கேட்டு நீ கை கூப்பி நின்றிருக்கிறாய். நான் குறைந்த சேதாரம் பார்த்து நின்றிருக்கிறேன். ஒரே வயிற்றில் பிறந்தோம்.

நேற்று சனிக்கிழமை. லஞ்சுக்குப் பிறகு டேபிளுக்கு மேல் ஏறினேன். ஏறி, லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி, "பிடிங்க எல்லாரும்!" என்று கத்தி, வெள்ளைப் பிட்டாகவே அள்ளி வீசினேன். முதலில் ஒருத்தரும் தொடவில்லை. பிறகு மூலையில் இருந்த பொண்ணு ஒண்ணு எடுத்தது. அப்புறம் எல்லாரும் எடுத்தார்கள். சரவணக்குமார் ஓடி வந்து, "என்ன மாஸ்டர் இது?" என்றான். "பதினோரு வருசமாச் செய்யிறதுதான் சார். நடுவுல மறந்து போச்சு, இப்ப ஞாபகம் வந்துருச்சு" என்றேன். கேட்டில் பெரியாத்தாள் ஒரு பையையும் பிரித்துப் பார்க்கவில்லை.

சாயந்திரமே கணக்கை முடித்துவிட்டார்கள். வீட்டை அடுத்த மாசக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும்.

பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் உன் வக்கீலம்மாவைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். அப்பீலில் புதிதாகச் சாட்சி சொல்ல விடுவார்களா என்று கேட்டேன். "மனு போட்டுக் கேக்கலாமுங்க, குடுக்கறதும் குடுக்காததும் ஜட்ஜ் கையில இருக்குதுங்க. ஆனா முன்னால மாத்திச் சொன்னதுக்கு உங்க மேலயே கேஸ் வரலாமுங்க. யோசிச்சுக்கங்க" என்றது. வந்தால் வரட்டும் என்றேன். வந்தால் நானும் ஒத்துக்கொள்ளாமல் நின்று பார்க்கிறேன், உன்னைப் போல.

பெருமாள்சாமி

*

மங்கலம்
5-9-2025

அண்ணே,

டேபிளில் ஏறினாயா? அந்த முட்டியோடு? விழுந்து தொலைந்திருந்தால் சாட்சிக்கு யார் வருவார்கள்?

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். இப்போது எழுதுவதில் என்ன வெட்கம். இத்தனை மாசமாகச் சேர்த்து வைத்த அழுகை எல்லாம் அன்றைக்குத்தான் வந்தது.

எங்கள் தெருவிலேயே மூன்றாவது வீடு காலியாக இருக்கிறது. தறிச் சத்தம் விடிய விடியக் கேட்கும், பழகிக்கொள். மதினி வந்து பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லிவிட்டாள். உனக்குச் சொல்ல வேண்டாம் என்றாள், உன் மேல் இன்னும் கொஞ்சம் கோபம் பாக்கி இருக்கிறதாம்.

செசன்ஸ் கோர்ட்டில் அப்பீல் போட்டாயிற்று, கேஸ் நம்பரும் விழுந்துவிட்டது. புகார்க் கமிட்டிக்கு ஷமீமா நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது: அப்பீல் முடியாமல் என்னைத் திருடி என்று முடிவு கட்டி என் புகாரை மூடக் கூடாது என்று. நம் லைனில் இருந்து இன்னும் இரண்டு பெண்கள் அவன் மேல் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒருத்தி, அன்றைக்கு மூலையில் முதலில் துணி எடுத்தவள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வா. இட்லி ஊற்றுகிறேன். தட்டில்தான் ஊற்ற வேண்டும், நல்ல வெள்ளைத் துணியெல்லாம் கோர்ட்டில் சீல் வைத்துக் கிடக்கிறது. அப்பீல் ஜெயித்ததும் கேட்டு வாங்கித் துவைத்துக்கொள்கிறேன்.

உன் நம்பரையும் பிளாக்கில் இருந்து எடுத்துவிட்டேன். ஆனாலும் எழுதுவதை நிறுத்தாதே. போனில் நீ இவ்வளவு உண்மை பேசுவது இல்லை.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. தீர்ப்பு அன்றைக்கு அபராதம் கட்டும் இடத்தில் நூறு ரூபாய்த் தாளை நீட்டி, அதன் மேல் ஒரு ரூபாய்க் காசையும் வைத்தேன். அங்கே இருந்தவர் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எதுக்குங்கம்மா, இப்படியும் போடுவாங்களா?" என்று கேட்டார்.

"நூறு ரூவா அவங்க போட்டதுங்க. இந்த ஒரு ரூவா நான் போட்டது. ரெண்டையும் சேத்தே ரசீது குடுங்க" என்றேன்.

ராமு